கறுப்புப் பொருக்கு

4 நவம்பர் 2024, திங்கள்

முதல் பீரியட் ஃப்ரீ. லேப் பீரோவில், ஃபார்மலின் ஜாடிகளுக்குப் பின்னால்தான் இந்த நோட்டு இருக்கிறது. செத்த தவளைக்குப் பின்னால் எவன் கை விடப்போகிறான்?

நேற்று சர்ச்சில் பூசை முடிந்து வந்ததுமே என் வீட்டுக்காரர் குடிக்க ஆரம்பித்துவிட்டார். கறியில் உப்பு குறைச்சலாம். தட்டு சுவரில் அடித்தது, அடுத்தது என் முடி அவர் கையில். தோளில் சிகரெட்டை வைத்தார். வைக்கும்போது கேட்பார், "யாருடி வெச்சது?" "நானே சுட்டுக்கிட்டேனுங்க" என்று நான் சொல்லும்வரை எடுக்க மாட்டார். நேற்று வாயில் ரத்தம். சொல்லக் கொஞ்சம் நேரமாகிவிட்டது.

காப்பி எஸ்டேட்டில் கணக்கெழுதுகிற ரைட்டர் அல்லவா, இடம் பார்த்து வைப்பார். ரவிக்கைக்கு உள்ளே, சேலைக்கு உள்ளே. நாகலூரே அவரை "நொம்பத் தங்கமானவருங்க" என்கிறது. அந்தத் தங்கத்தை உருக்கி அவர் காதில் ஊற்ற வேண்டும்.

பெல்ட் எடுக்க உள்ளே போன நேரம் பின்கதவால் ஓடினேன். குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் உண்ணிச்செடிப் புதர். ஒரு மணி நேரம் அதற்குள் குந்தியிருந்தேன். பிளஸ் டூவுக்கு விலங்கியல் எடுக்கிற டீச்சர், புதருக்குள். தூ!

7 நவம்பர், வியாழன்

இன்று செல் எப்படிப் புரதம் செய்கிறது என்ற பாடம். நான் நன்றாக எடுப்பேன். அதை மட்டும் யாரும் என்னிடமிருந்து பிடுங்க முடியாது.

டி.என்.ஏ. உட்கருவை விட்டு வெளியே வராது. அதில் வேண்டிய பக்கத்தை மட்டும் நகலெடுத்துக்கொண்டு தூது ஆர்.என்.ஏ. வரும். ரைபோசோம் அதைப் பிடித்து மூன்று மூன்று எழுத்தாகப் படிக்கும். ஒவ்வொரு மூன்று எழுத்துக்கும் ஓர் அமினோ அமிலம். அதைச் சுமந்து வருவது கடத்து ஆர்.என்.ஏ. அது ரைபோசோமில் உட்கார்ந்து இறக்கிவைத்துவிட்டுப் போகும். வரிசையாகக் கோத்துக்கொண்டே போனால் புரதம். "காப்பிப் பழம் பறிக்கிறவங்க கூடையக் கொண்டாந்து களத்துல கொட்டிட்டுப் போறாங்கல்ல, அந்த மாதிரி" என்றேன். எஸ்டேட் பிள்ளைகள், டக்கென்று பிடித்துக்கொண்டார்கள்.

கொட்டச்சேட்டிலிருந்து வருகிற சக்தி எழுந்தாள். "மிஸ், வந்த செய்தி தப்பா இருந்தா ரைபோசோம் நிறுத்தாதுங்களா?"

"அதுக்கு எங்க தெரியும் கண்ணு? வைரஸ் கொண்டாந்து நீட்டுனாலும் படிக்கும், செஞ்சு குடுக்கும்."

"அப்ப அது லூசுங்களா மிஸ்?"

வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். உதடு மறுபடி வெடித்து ரத்தம் வந்தது. பல் வலி என்று சொல்லிவிட்டேன்.

13 நவம்பர், புதன்

இடுப்பில் பாவாடை நாடா கட்டுகிற இடத்தில் கறுப்பாக ஒரு புண். இதை எப்போ வெச்சான்? ஞாபகமே இல்லை. வலிக்கவும் இல்லை. மரத்துப்போச்சா எனக்கு?

15 நவம்பர், வெள்ளி

நேற்றிலிருந்து காய்ச்சல். தலை பிளக்கிறது. லீவு சொல்லிவிட்டு, பிள்ளைகளின் ரெக்கார்டு நோட்டுகளோடு இதையும் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். அந்தக் கட்டை அவர் தொட மாட்டார்.

18 நவம்பர், திங்கள்

ஏற்காட்டில் ஒரு கிளினிக். அவரும் வந்தார். வராமல் இருப்பாரா?

டெங்கு இல்லை, டைபாய்டு இல்லை. வயதான டாக்டர் கண்ணாடியைக் கழற்றிக் கேட்டார். "உடம்புல எங்கியாச்சும் கறுப்பாப் பொருக்குத் தட்டுன புண்ணு இருக்குங்களாம்மா? இப்ப உண்ணிக் காய்ச்சல் ஓடிட்டிருக்குது."

என் வீட்டுக்காரர் நாற்காலிக்குப் பின்னால் நின்றிருந்தார். கை என் தோளில், சரியாக அந்த இடத்தில். அழுத்தினார்.

"இல்லீங்க" என்றேன்.

என்ன சொல்வது? ஒன்பது இருக்கிறது டாக்டர், எல்லாம் இவர் வைத்ததுதான் என்றா? மாத்திரை, ஊசி, அவ்வளவுதான். பஸ் ஏறும்போது "கெட்டிக்காரி" என்று காதில் சொன்னார்.

20 நவம்பர், புதன்

மூச்சு வாங்குது. படுத்தாலும் வாங்குது. கஞ்சியக் கொட்டிட்டேன்னு வயித்துல மிதிச்சான். நான் செத்தாத் தேவலைன்னு நெனைக்கிறான். நானுந்தான் — இல்ல. நான் நெனைக்கல. நான் ஏன் சாவணும்?

23 நவம்பர், சனி. சேலம் ஆஸ்பத்திரி

எழுதியே ஆக வேண்டும்.

வியாழன் காலை லேப் உதவியாளர் மல்லிகா ரெக்கார்டு நோட்டு வாங்குகிற சாக்கில் வந்திருக்கிறாள். என்னைப் பார்த்ததும் 108-ஐக் கூப்பிட்டுவிட்டாள். வாசலை மறித்தவனிடம், "நவுருங்க, இல்லீன்னா எஸ்டேட் லைன் ஊட்டுச் சனத்தையே கூப்புடுவேன்" என்றாளாம். நோட்டுக் கட்டையும் அள்ளிக்கொண்டு வந்திருக்கிறாள், மகராசி. மலை இறங்கியதோ அடிவாரம் வந்ததோ எனக்குத் தெரியாது.

கண் திறந்தால் டாக்டர் கீர்த்திகா. சின்னப் பெண்தான். பின்னாலேயே வந்து நின்ற அவனை வெளியே அனுப்பித் திரையை இழுத்தாள். "ஈவ்லின் டீச்சர், உடம்பு முழுக்கப் பாக்கணுங்க. பாக்காட்டி உங்களக் காப்பாத்த முடியாது."

சேலையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். காட்டினால் அவன் கொல்வான். காட்டாவிட்டால் காய்ச்சல் கொல்லும். எது முதலில் கொல்லும் என்று அந்த மூச்சுத் திணறலிலும் யோசித்தேன் பாருங்கள்! பிறகு கையை விட்டேன்.

அவள் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள். இடுப்புக்கு வந்ததும் நின்றாள்.

"அந்த எட்டும் சிகரெட். இது இல்லீங்க டீச்சர். இது உண்ணிப்பூச்சி கடிச்சது. சுட்டிருந்தா இப்பத் தொட்டப்ப வலிச்சிருக்கும்."

வலிக்கவில்லை என்று நானே எழுதிவைத்திருக்கிறேன்! புதருக்குள் குந்தியிருந்ததையும் எழுதியிருக்கிறேன்! விலங்கியல் டீச்சராம். என் உடம்பில் எந்தப் புண்ணாக இருந்தாலும் அவன் வைத்தது என்றே பழகிவிட்டது எனக்கு.

டாக்ஸிசைக்ளின் ஏற்றுகிறார்கள். இந்தக் கிருமி என் செல்லுக்குள்ளேயே குடியேறி, தன் ரைபோசோமை வைத்துத் தனக்குப் புரதம் செய்து, பெருகி, என் நுரையீரல்வரை வந்துவிட்டது. மருந்து போய் அந்த ரைபோசோமில் அமினோ அமிலம் வந்து உட்காருகிற இடத்தை அடைத்துக்கொள்ளும். கூடை வரும், கொட்ட இடம் இருக்காது. புரதம் இல்லாவிட்டால் கிருமி பெருகாது. என் ரைபோசோம் வேறு அமைப்பு, அதை ஒன்றும் செய்யாது. பதினோரு வருடமாக நடத்துகிற பாடம் சொட்டுச் சொட்டாக என் நரம்பில் இறங்கியது. அடை. ஒண்ணு விடாத. பட்டினி போட்டுக் கொல்லு. பல்லைக் கடித்துக்கொண்டு சொல்லிக்கொண்டே இருந்தேன்.

சக்தி கேட்டாளே, அது லூசா என்று. நீட்டிய செய்தியையெல்லாம் படித்து, "நானே சுட்டுக்கிட்டேனுங்க" என்று செய்து கொடுத்துக்கொண்டிருந்தது யாராம்?

26 நவம்பர், செவ்வாய்

காய்ச்சல் இறங்கிவிட்டது. இட்லி தின்றேன், மூன்று.

ஆரஞ்சுப் பையோடு வந்தான். நர்ஸிடம் "நல்லாப் பாத்துக்கோங்க சிஸ்டர்" என்றான். குனிந்து என் காதில், "வெளிய வாடி. வெட்டி உரக்குழியில போட்டுருவேன்."

ஆரஞ்சை எடுத்து மூஞ்சியைப் பார்த்து வீசினேன். குறி தப்பித் தோளில்தான் பட்டது. பரவாயில்லை. வார்டே திரும்பிப் பார்த்தது. கீர்த்திகாவிடம் சொன்னேன், "நீங்க போலீஸுக்கு எழுதுங்க டாக்டர்."

1 டிசம்பர், ஞாயிறு

மல்லிகா வீட்டில் இருக்கிறேன். இடுப்பில் பொருக்கு உதிர்ந்து, கீழே ரோஸ் நிறத்தில் புதுத் தோல். நான் செத்துப்போகலாமா என்று கிடந்த நாளில்கூட இந்தச் செல்கள் பாட்டுக்குப் புரதம் செய்துகொண்டே இருந்திருக்கின்றன. நினைத்ததும் ஓவென்று அழுதேன். மல்லிகா பயந்துவிட்டாள்.

9 டிசம்பர், திங்கள்

மகளிர் காவல் நிலையம். அவனும் வந்திருந்தான். வெள்ளைச் சட்டை, கழுத்தில் ஜெபமாலை, கையில் என் டிஸ்சார்ஜ் ஷீட்டின் ஜெராக்ஸ். எங்கிருந்து பிடித்தானோ!

"எல்லாமே பூச்சிக் கடிங்க மேடம். உண்ணிக் காய்ச்சல்னு டாக்டரே எழுதியிருக்காங்க, பாருங்க. என் சம்சாரத்துக்குக் காய்ச்சல்ல புத்தி கொழம்பிருச்சு."

இன்ஸ்பெக்டர் அதை வாங்கிப் படித்தார். டாக்டர் கீர்த்திகா போலீஸுக்கு எழுதியதையும் படித்தார். பிறகு என்னைப் பார்த்தார். "நீங்க சொல்லுங்கம்மா. யாரு வெச்சது?"

அதே கேள்வி. அவனும் என்னைப் பார்த்தான். "நானே" என்று நாக்கு தானாக எழும்பிவிட்டது. பற்களுக்கு நடுவே பிடித்து நிறுத்தினேன்.

"ஒண்ணு பூச்சி கடிச்சதுங்க மேடம். அத விட்டுருங்க. மீதி எட்டு இருக்குது."

"அது யாரு?"

கல்யாணமான இந்தப் பத்து வருடத்தில் அந்தப் பெயரை நான் வாய்விட்டுச் சொன்னதில்லை. இந்த நோட்டிலும் எழுதியதில்லை. ஏட்டம்மா பேனாவோடு காத்திருந்தார். சொன்னேன். அவருக்குக் காதில் விழவில்லை. மறுபடி, வகுப்பில் சொல்கிற சத்தத்தில் சொன்னேன்.

ஆண்டனி ராஜ். எஸ்டேட் ரைட்டர். நாகலூர்.