இரண்டு வாரத்துக்கு ஒட்டிய டேப்

அன்புள்ள உங்களுக்கு,

இங்கே நானும் மகளும் நலம். அங்கே நீங்கள் நலமில்லை என்பது தெரிந்துதான் எழுதுகிறேன். அதனால் நலம் விசாரிக்கப் போவதில்லை.

அங்கிருந்து லீவில் வந்திருக்கும் உங்கள் பட்டறைக் கூட்டாளி நெட்டை அண்ணன் நேற்று வீட்டுக்கு வந்தார். நீங்கள் கொடுத்தனுப்பிய பையை வைத்துவிட்டு, டீயைக் கையில் வாங்கியவர், நான் கேட்காமலே உளறிவிட்டார். பெயிண்ட் புகை உங்கள் நுரையீரலைக் கெடுத்துவிட்டதாம். ஸ்பிரே துப்பாக்கியைத் தொடவே கூடாதென்று டாக்டர் சொல்லி ஏழு மாதம் ஆகிறதாம். இப்போது அதே பட்டறையில் வண்டி கழுவுகிறீர்களாம். 'தங்கச்சிக்குத் தெரியும்னு நெனச்சேன்' என்று திருதிருவென்று விழித்தார். எனக்கு அவமானமாகப் போய்விட்டது. கட்டிய பெண்டாட்டிக்கு அடுத்தவர் சொல்லித்தான் தெரிய வேண்டுமா?

போனில் கேட்டால் இருமலை அடக்கிக்கொண்டு, சிக்னல் சரியில்லை என்று வைத்துவிடுவீர்கள். அதனால்தான் கடிதம். அவர் கையிலேயே கொடுத்தனுப்புகிறேன்.

நம் கார் விஷயத்துக்கு வருகிறேன். கூரையிலும் பானெட்டிலும் மேல்பூச்சு உரிய ஆரம்பித்தபோது என்ன சொன்னீர்கள்? 'வேற எவன் கையும் படக்கூடாது, நானே வந்து பெயிண்ட் அடிக்கிறேன், அதுவரைக்கும் தாங்கற மாதிரி பாத்துக்கோ' என்றீர்கள். பார்த்துக்கொண்டேன். பைப்பில் பீய்ச்சினால் ஓரம் தூக்கும் என்றீர்கள். வாளியில் மொண்டு கழுவினேன். தேய்க்காதே, ஒற்றி எடு என்றீர்கள்; பச்சைக் குழந்தையைத் துடைப்பதுபோல் ஒற்றினேன். சிலிக்கான் கலந்த பாலிஷ் போட்டால் புதுப் பெயிண்ட் பிடிக்காமல் குழி குழியாக நிற்கும் என்றீர்கள். கடை கடையாக ஏறி இறங்கி, டப்பாவைத் திருப்பித் திருப்பிப் படித்து, வெறும் மெழுகு வாங்கி மாதாமாதம் பூசினேன். வேலைக்கும் போய், சமைத்தும் போட்டு, இதையும் செய்தேன்.

உரிந்த ஓரங்களில் மாஸ்கிங் டேப் ஒட்டு, இரண்டே வாரத்தில் வந்துவிடுகிறேன் என்றதும் நீங்கள்தான். அதுவும் ஒட்டினேன். எட்டு மாதமாயிற்று. எடுத்துவிடட்டுமா என்று கேட்டபோதெல்லாம், 'இருக்கட்டும், இதோ வந்துட்டேன்' என்றீர்கள். டேப்பை அத்தனை நாள் வெயிலில் விடக்கூடாதென்று, இருபது வருஷம் பெயிண்ட் அடித்த உங்களுக்கா தெரியாது? எடுக்கச் சொன்னால் வரப்போவதில்லை என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். அதற்குப் பயந்து வாயை மூடிக்கொண்டீர்கள்.

நேற்று நெட்டை அண்ணன் போனதும் வாசலுக்குப் போய் எல்லா டேப்பையும் பிடுங்கினேன். ஆத்திரத்தில்தான் பிடுங்கினேன், உங்களைப்போல் மறைக்க மாட்டேன். வெயிலில் வெந்து இறுகியிருந்தது. பெயிண்ட்டும் கூடவே பட்டை பட்டையாக வந்துவிட்டது. கூரையில் இரண்டு இடத்தில் தகரம் தெரிகிறது. மகள் ஓடிவந்து, 'அப்பா திட்டப் போறாரும்மா' என்றாள். நேரில் வந்து திட்டட்டும் என்றேன். சொல்லிவிட்டு வாசற்படியிலேயே உட்கார்ந்து அழுதேன்.

துரு ஏறாமல் இருக்க இன்று ப்ரைமர் தடவிவிட்டேன். வருகிற வாரம் தெருமுனைப் பட்டறைக்காரரிடம் வண்டியை விடப்போகிறேன். அவர் வேலை சுத்தமில்லை என்பீர்கள். இல்லாவிட்டால் போகட்டும், அந்த வண்டியில் நாம் மூன்று பேரும் போய்வந்தால் எனக்குப் போதும். துப்பாக்கி பிடிக்க முடியாதவர் என்று தெரிந்தால் நான் உங்களை ஒரு படி கீழே வைத்துவிடுவேன் என்று நினைத்தீர்களே, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. பதினாலு வருஷம் குடும்பம் நடத்தி என்னைத் தெரிந்துகொண்டது இவ்வளவுதானா?

இனிமேல் கார் உங்களுக்காகக் காத்திருக்காது. நாங்கள்தான் காத்திருக்கிறோம். வேலையை விட்டுவிட்டு வாருங்கள், இங்கே வந்து எதையாவது செய்துகொள்ளலாம். எங்களுக்கென்று எதுவும் வாங்க வேண்டாம். உங்கள் நெஞ்சைப் படம் எடுத்தார்களாமே, அந்த எக்ஸ்ரேயை மட்டும் மடங்காமல் கொண்டு வாருங்கள். நானும் பார்க்க வேண்டும்.

இன்னும் கோபம் தீராத,
உங்கள் மனைவி