அந்தத் திருகாணியை நான் தொடவில்லை

அன்புள்ள மச்சான்,

நம் ஏர்கன் துப்பாக்கி இப்போது என்னிடம் இருக்கிறது. இரண்டு பேரும் சேர்ந்து வாங்கியதை நீ இருந்தவரை "என்னுது" என்று சொல்லிச் சண்டை பிடித்தேன். இப்போது அந்த வார்த்தை வாயில் வரவில்லை.

உன் காரியம் முடிந்த மறுநாள் என் வீட்டுக்காரி, உன் தங்கச்சிதான், அதை எடுத்துவந்து கட்டிலடியில் வைத்தாள். "மாப்ள கோவம் தணிஞ்சி வருவாரு, வந்தா குடுன்னு அண்ணன் சொல்லி வச்சிருந்துச்சாம். அண்ணி குடுத்தாங்க" என்றாள். அதை வாங்கிக்கொள்ள எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது, சொல்.

செராமிக் கம்பெனியிலிருந்து நான் கொண்டுவரும் பேக்கிங் அட்டையில், விளிம்பு உடைந்த பீங்கான் கப்பைக் கவிழ்த்து நீ வட்டம் போடுவாய். மணல் மூட்டையில் அதைச் சாய்த்து வைத்துச் சுடுவோம். நீ சுட்டால் வட்டத்துக்குள் போகும். நான் சுட்டால் இரண்டு விரற்கடை கீழே, இடப்பக்கம். குறிபார்க்கும் திருகாணியைத் திருகி எனக்குத் தோதாக வைப்பேன். அடுத்த ஞாயிறு நீ பழையபடி திருகியிருப்பாய். என்னைத் தோற்கடிக்கத்தான் இப்படிச் செய்கிறாய் என்று உன் வாசலில் நின்று கத்தினேன்.

நீ சிரித்தாய். "துப்பாக்கி மேல தப்பு இல்ல மாப்ள. நீதான் அதும் கழுத்தப் புடிச்சி நெரிக்கிற" என்றாய்.

அந்தச் சிரிப்புதான் எனக்குப் பொறுக்கவில்லை. ஒன்றரை மாதம் உன்னோடு பேசவில்லை. அதற்குள் பெண்ணாடம் சர்க்கரை ஆலைக்குக் கரும்பு ஏற்றிப் போன நீ, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு டிராக்டரிலேயே சாய்ந்துவிட்டாய். இன்னும் ஒரு ஞாயிறு பொறுத்திருக்கக் கூடாதா?

போன வாரம் எடுத்துச் சுட்டேன். அதே இரண்டு விரற்கடை கீழே, இடப்பக்கம். நீ கடைசியாகத் திருகி வைத்தபடியே திருகாணி இருந்தது. திருகினால் ஒரு நொடியில் சரியாகிவிடும். விரலை வைத்தேன், மச்சான். திருக முடியவில்லை. உன் கை வைத்துவிட்டுப் போனதை அழித்து, நான் யாரை ஜெயிக்க?

அதனால் பிடியை மாற்றினேன். இடது உள்ளங்கையை நீ வைக்கிற மாதிரி விசைக்குச் சற்று முன்னால் வைத்தேன். விரல்களை மடக்கவில்லை. தோளிலும் இறுக்கவில்லை. உள்ளே ஸ்பிரிங் அடித்தபோது துப்பாக்கி தன்பாட்டுக்கு உதறியது, அடக்காமல் அதன் போக்கில் விட்டுவிட்டேன். உன் கன்னம் பட்டுப் பட்டு வார்னிஷ் போன இடத்திலேயே ஒவ்வொரு தடவையும் என் கன்னத்தை வைத்தேன். பத்துப் பதினைந்து குண்டு வீணாயிற்று. பிறகு மூன்று குண்டு வட்டத்துக்குள் ஒட்டி ஒட்டிப் போயின.

உன் தங்கச்சி பார்த்துக்கொண்டு நின்றாள். "அண்ணன் புடிக்கிற மாதிரியே புடிக்கிறீங்க" என்றாள். அப்புறம் அங்கே நிற்க முடியாமல் உள்ளே போய்விட்டாள்.

நான் அட்டையைக் கழற்றி மடித்து, உன்னிடம் காட்ட சைக்கிளை எடுத்தேன். உன் தெருமுனை வரை போய்விட்டேன், மச்சான்.

அந்தத் திருகாணியை இனி நான் திருகமாட்டேன், யாரையும் திருக விடவும் மாட்டேன். எத்தனை ஞாயிறு ஆனாலும் உன் பிடியிலேயே பிடிக்கிறேன். துப்பாக்கி மேல் தப்பு இல்லை.

உன் தங்கச்சியைக் கட்டிய,
சொல்ல வேண்டியதை உன் தெருமுனையிலிருந்து திருப்பி எடுத்துவந்த,
உன் மாப்ள