பாடம் ஒன்று: கடிதத்தைக் கேளுங்கள்

02.05.2005, திங்கள்

கொழும்புத் தலைமைக் கந்தோர் இணையத்தில் ஒரு பாடநெறி வேண்டும் என்கிறது. எங்கள் நிறுவனத்தின் வடக்குக் கள உத்தியோகத்தர் முப்பத்தொரு பேருக்கு, தமிழில். தலைப்பு: வேலையில் எல்லை வகுத்தல். எது என் வேலை, எது இல்லை, இல்லாததை எப்படி மறுப்பது.

மன்னார் இணைப்பாளர் பஸ்ரியன் அண்ணா அதை என் மேசையில் வைத்தார். "பிள்ளை, நீ தானே தமிழ் ரைப் பண்ணுவாய். உன்ர வேலையோட வேலையா இதையும் செய்து போடு."

மேலதிக வேலையை மறுக்கும் பாடம், எனக்கு மேலதிக வேலை. கந்தோரில் சிரித்தது நான் மட்டும்.

05.05

மாதிரிக் குறிப்புகள் ஆங்கிலத்தில் வந்தன. 'மாலை ஆறுக்குப் பின் கைத்தொலைபேசியை நிறுத்துங்கள்.' எங்கள் ஊர் நறுவிலிக்குளத்தில் வேப்பமரத்தில் ஏறினால்தான் அதுக்குச் சிக்னல் எடுக்கும். 'மெழுகுதிரி ஏற்றி நிதானமாகக் குளியுங்கள்.' எங்கள் வீட்டில் வெளிச்சமே அதுதான்.

எல்லாவற்றையும் வெட்டினேன். பதிலாக எழுதியது: கடைசி பஸ் நாலே முக்கால். தவறினால் யாருடைய வாகனத்திலாவது தொற்றிக்கொண்டு, இருட்டில் பாலத்துச் சென்றியில் ஆமிக்காரனிடம் அடையாள அட்டையை நீட்ட வேண்டும். சமாதான காலமாம். துவக்கு அதே துவக்கு. ஆகவே நாலரைக்கு எழும்புவது சோம்பல் இல்லை.

08.05, ஞாயிறு

கந்தோருக்குக் கூப்பிட்டார்கள். வெளிநாட்டு விருந்தினர். கேக் வெட்டிக் கொடுத்தேன், கோப்பை கழுவினேன். மற்றவர்களுக்குத் தேவாலயத்தில் பூசை நேரமாம். "நீ எங்கட வீட்டுப் பிள்ளை மாதிரி" என்றார் பஸ்ரியன் அண்ணா. அவர் வீட்டுப் பிள்ளை பூசையில் பாடிக்கொண்டிருந்தாள். மலையகத்திலிருந்து வந்து குடியேறிய சனத்தின் பிள்ளை மட்டும் எல்லார் வீட்டுக்கும் பிள்ளை!

ஞாயிறும் ஏன் என்று கேட்டேன். வழக்கமான பதில்: "நியமனக் கடிதத்தில கிடக்கு."

கொழும்புக் குறிப்பில் 'மேலாளர்' என்று இருக்கிறது. எங்களுக்கு அவர் அண்ணா. அண்ணாவிடம் எங்கே கோடு கீறுவது?

13.05

முசலியில் வேலை செய்யும் நசீறா கூட்டத்துக்கு வந்தாள். பாடத்துக்காகக் கேட்டேன்: உன் வேலை என்ன?

"மேல இருக்கிறவை சொல்லுறதுதான் வேலை."

"கடிதத்தில என்ன இருக்கு?"

"ஆருக்குத் தெரியும்? கையெழுத்து வைச்ச உடன அலுமாரிக்குள்ள வைச்சுப் பூட்டிப்போட்டினம். நீ கண்டனியோ உன்ரய?"

இல்லை. நாலு வருடம். 'அதில கிடக்கு' என்று சொன்னால் வேதவாக்கு மாதிரிக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். நான்! ஊருக்கெல்லாம் நியாயம் கேட்கப் போகிறவள்!

20.05

பாடம் ஒன்று முடிந்தது. படம் இல்லை, கதை இல்லை. தொலைபேசிக் கம்பியில் வரும் இணையத்துக்கு அவ்வளவுதான் தாங்கும். மூன்று வரி. உங்கள் நியமனக் கடிதத்தைக் கேளுங்கள். கையால் பிரதி எடுங்கள். இந்தக் கிழமை செய்த வேலைகளில் அதில் இல்லாதவற்றை எழுதி அனுப்புங்கள்.

25.05

பஸ்ரியன் அண்ணா வாசித்தார். "இதென்ன, பாடமோ வேலைநிறுத்தமோ? பாடம் ஒண்டை எடுத்துப்போடு." பிறகு மெதுவாக: "உன்ர ஒப்பந்தம் யூன் முப்பதோட முடியுது. தெரியும்தானே?"

தெரியும். ஒவ்வொரு யூனும் இதே பயம்தான். அப்பாவுக்குக் கூலி வேலை கிழமையில் இரண்டு நாள். மிச்ச நாள் சோறு என் சம்பளம்.

அம்மாவிடம் சொன்னேன். "தோட்டத்துல பேர் பதியுற செக்ரோல்ல எம்பேரு இருக்கான்னு தொரைகிட்ட கேக்கவே நான் பயந்தேன். நீயும் பயந்துக்கோ. வாய மூடிக்கிட்டு இருடி."

அதுதான் அம்மா, அதுதான். எத்தனை பரம்பரைக்கு?

30.05

பாடம் ஒன்றை எடுக்கவில்லை. கொழும்பில் இந்தப் பாடநெறிக்குப் பொறுப்பான மார்த்தா மிஸ்ஸுக்கு முழுவதையும் அனுப்பினேன், அண்ணாவுக்கும் பிரதி போட்டு. பாடம் ஒன்று இல்லாவிட்டால் என் பெயரும் வேண்டாம் என்று எழுதினேன். அனுப்பிவிட்டு நாலரைக்கு எழும்பினேன்.

02.06

மார்த்தா மிஸ்ஸின் பதில்: 'பாடம் அப்படியே இணையத்தில் ஏறும். ஆனால் உங்கள் ஒப்பந்தம் மன்னாரின் பொறுப்பு. அதில் நான் தலையிட முடியாது.'

06.06, திங்கள்

காலை எட்டுக்கு ஏறியது. ஒன்பதுக்குக் கரண்ட் போனது. பின்னேரம் வரை ஒரு பதிலும் இல்லை.

07.06

பத்தொன்பது பதில்கள்! ஒருவர், அதிகாரியின் ஆட்டுக்குக் குழை வெட்டினாராம். இன்னொருவர், அதிகாரியின் மகனுக்குக் கணக்குப் பாடம்.

பத்து மணிக்கு நசீறா முசலியிலிருந்து இன்னும் மூன்று பேரோடு வந்து அண்ணாவுக்கு முன்னால் நின்றாள். "பாடம் ஒண்டுக்கு வீட்டுப்பாடம் செய்ய வந்தனாங்கள். கடிதங்களைத் தாங்கோ."

"அலுமாரித் திறப்பு வீட்டில."

"அவசரமில்லை அண்ணா. இருக்கிறம்."

கதிரைகளை இழுத்துப் போட்டு இருந்தார்கள். ஒருத்தி முறுக்குப் பை வேறு கொண்டுவந்திருந்தாள். "எடுங்கோ அண்ணா, வீட்டில செய்தது" என்று அவருக்கும் நீட்டினாள். அரை மணித்தியாலத்தில் அவரே மோட்டார் சைக்கிளில் போய்த் திறப்பை எடுத்து வந்தார்.

என் கடிதத்தின் ஒரு மூலையைப் பூச்சி அரித்திருந்தது. ஆங்கிலம், ஒவ்வொரு சொல்லாக வாசித்தேன். திங்கள் முதல் வெள்ளி. எட்டரை முதல் நாலரை. கள உத்தியோகத்தர். ஆறாவது பந்தி: ஒரு வருட சேவையின் பின் நியமனம் நிரந்தரமாகும்.

நிரந்தரம். மூன்று வருடமாக நான் நிரந்தரம்!

சத்தமாக வாசித்தேன். நசீறா கை தட்டினாள். நான் அண்ணாவின் முகத்தைப் பார்த்தேன். பொய் பிடிபட்ட முகம் இல்லை அது. கடிதத்தை வாங்கி இரண்டு தரம் வாசித்தார். "முந்தி இருந்தவர் அப்பிடித்தான் சொல்லித் தந்தவர்" என்றார். மனுசன் ஒருநாளும் வாசித்ததே இல்லை! வாசிக்காமலே நாலு வருடம் எங்களை வெருட்டியிருக்கிறார். இதை மன்னிக்கலாமா? இன்னும் யோசிக்கவில்லை.

12.06, ஞாயிறு

கந்தோருக்கு விருந்தினராம். நான் போகவில்லை. பகல் முழுக்க நித்திரை.

21.06

இருபத்தொன்பது பேர் பாடம் ஒன்றை முடித்துவிட்டார்கள். பாடம் இரண்டு, 'எப்படி மறுப்பது', நேற்று ஏறியது. அண்ணா தன் கோப்பையைத் தானே கழுவுகிறார், நாங்கள் பார்க்க வேண்டும் என்பதற்காகச் சத்தம் போட்டு.

30.06, வியாழன்

பயந்துகொண்டிருந்த தேதி. ஒன்றும் நடக்கவில்லை. அம்மா மட்டும் காலையில் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பாடநெறிப் பட்டியலில் இன்று முப்பத்திரண்டாவது பெயர்: பஸ்ரியன். பாடம் ஒன்றுக்கான விடையும் அனுப்பியிருந்தார். தன் கடிதத்தில் இல்லாமல் கொழும்புக்காகச் செய்கிற வேலைகள், பதினாறு. ஒவ்வொரு ஞாயிறும் அதில் இருந்தது.

மேசையைப் பூட்டும்போது வாசலில் வந்து நின்றார். "பிள்ளை... சிவலட்சுமி. இதைக் கொழும்புக்கு எப்பிடிச் சொல்லுறது? பாடம் ரெண்டைக் கொஞ்சம் விளங்கப்படுத்தன்."

"நாளைக்கு எட்டரைக்கு வாங்கோ அண்ணா. இப்ப நாலரை."

பஸ்ஸில் யன்னலோரம் இடம் கிடைத்தது. சென்றியைத் தாண்டும்போது இன்னும் நல்ல வெயில்.