வீட்டில் இல்லை என்று சொல்லச் சொன்னேன்

இன்று காலை ஒரு துணிக்கடையின் இணையதளத்திலிருந்து மின்னஞ்சல் வந்தது. கடவுச்சொல் மறந்துவிட்டது என்று கேட்டிருந்தேன். புதிதாக ஒன்று வைத்துக்கொள்ளச் சொல்லாமல், என் பழைய கடவுச்சொல்லையே எழுத்து மாறாமல் அனுப்பியிருந்தார்கள். அதைப் பார்த்ததும் உன் ஞாபகம் வந்துவிட்டது. திரையை அணைத்துவிட்டேன்.

சிறுசேரி மென்பொருள் நிறுவனத்தில் நாம் வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருஷம். செங்கல்பட்டில் ஒரு திருமணத் தகவல் நிலையத்துக்கு இணையதளம் செய்துகொண்டிருந்தோம். உறுப்பினர்கள் உள்ளே நுழையும் பகுதி என்னுடையது. பெயரும் வயதும் கடவுச்சொல்லும் வைக்க ஓர் அட்டவணை, வருபவர் தட்டுவது அதோடு பொருந்துகிறதா என்று பார்க்க நாலு வரி. மிச்சத்தை ஃபிரேம்வொர்க் என்கிற ஆயத்த நிரல்தொகுப்பு பார்த்துக்கொண்டது. இரண்டே நாளில் முடித்துவிட்டேன் என்று உன்னிடம் பெருமையடித்தேன். சோதனைக்காக நிலையத்தார் சிலரைப் பதிவு செய்துகொள்ளச் சொன்னார்கள்.

வேறு எதையோ தேடி நீ அந்த அட்டவணையைத் திறந்தாய்.

"மச்சான், இன்னாடா இது? பாஸ்வேர்டு எல்லாம் அப்புடியே கீது."

"யாருடா பாக்கப் போறாங்க?"

"நான் பாத்துட்டேனே."

ஒரு வரியைக் காட்டினாய். யாரோ ஒரு பெண், இருபத்திரண்டு வயது. 'வேணாம்ப்பா' என்பதை ஆங்கில எழுத்தில் அடித்து, கடைசியில் ஒரு ஒன்று போட்டிருந்தாள். நான் சிரித்துவிட்டேன். நீ சிரிக்கவில்லை. "யாராண்டயும் சொல்ல முடியாம இங்க வந்து எழுதி வெச்சிகீதுடா அந்தப் பொண்ணு. இது நம்ம கண்ணுல படக் கூடாது."

கடவுச்சொல்லைத் திரும்பப் படிக்க முடியாதபடி உருமாற்றி, அதை மட்டும் சேமிக்க வேண்டும் என்றாய். அடுத்த மாதம் பார்க்கலாம் என்றேன். இரண்டு முறை கேட்டாய். பிறகு வாரக் கூட்டத்தில் மேலாளரிடமே சொல்லிவிட்டாய். பன்னிரண்டு பேர் முன்னால் அவர் என்னைக் கேள்விமேல் கேள்வி கேட்டார். தளம் திறப்பது தள்ளிப்போனது. அந்த வேலையை உன்னிடம் கொடுத்தார்கள்.

அன்றிலிருந்து உன்னோடு நான் பேசவில்லை. அலுவலகப் பேருந்தில் எனக்காக நீ பிடித்துவைத்த இருக்கையைத் தாண்டிப் போய்ப் பின்னால் உட்கார்ந்தேன். இரண்டு வாரம் அப்படியே போனது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் அணுபுரத்தில் எங்கள் வீட்டு வாசலில் உன் பைக் வந்து நின்றது. சத்தத்திலேயே தெரிந்துவிட்டது. "நான் இல்லன்னு சொல்லும்மா" என்று உள்ளறைக்குப் போய்விட்டேன்.

"வெளில போயிருக்கான்ப்பா" என்றாள் அம்மா. பொய் சொல்லிப் பழக்கமில்லாத குரல்.

"பரவால்லம்மா. கோவமா கீறான், அவ்ளோதான். நாளைக்கு ஆபீஸ்ல பாத்துக்கறேன்."

நான் உள்ளே இருப்பது உனக்குத் தெரிந்திருக்கும். தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தாய். டம்ளரைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது. அப்போதாவது எழுந்து வந்திருக்கலாம். பைக் கிளம்பிப் போகும்வரை கட்டிலில் உட்கார்ந்தே இருந்தேன்.

திருக்கழுக்குன்றம் தாண்டி, உன் ஊருக்குத் திரும்பும் வளைவில் லாரி மோதியது. சாயங்காலம் தொலைபேசி வந்தது. அம்மா தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். "உள்ள வான்னு ஒரு வார்த்தை சொல்லாம அனுப்பிட்டேனே" என்றாள். அவளை அந்தப் பொய்யைச் சொல்ல வைத்தவன் நான்.

உன் வீட்டில் உன் அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டார். "நைனா, உன்னப் பாக்கணும்னுதான் போனான். பாத்தானா?"

"பாத்தான்ப்பா. பேசினோம்" என்றேன். வாயில் அதுதான் வந்தது.

நீ எழுதி முடித்திருந்ததை அப்படியே வைத்துத் தளத்தைத் திறந்தோம். சில மாதம் கழித்து யாரோ ஒருவர் நிலையத்திலிருந்து பேசினார். தன் மகளின் கடவுச்சொல்லைப் பார்த்துச் சொல்லும்படி அதட்டினார். "எங்களாலயே பார்க்க முடியாதுங்க" என்றேன். அவர் நம்பவில்லை. "நீங்க செஞ்சதுதான?" என்றார். என் நண்பன் செய்தது என்று சொன்னேன். அவர் மகள் அந்த 'வேணாம்ப்பா' பெண்தானா என்று எனக்குத் தெரியாது.

உன் அப்பாவைப் பார்க்க வருஷம் ஒருமுறையாவது போகிறேன். காது மந்தமாகிவிட்டது. நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டார். போனதும் என்னைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு, "நைனா, அன்னிக்கி இன்னா பேசினான்?" என்று ஆரம்பிப்பார். கோபமெல்லாம் தீர்ந்துவிட்டது என்று சொன்னாய் என்பேன். சோறு தின்றாய் என்பேன். சிரித்துக்கொண்டே கிளம்பினாய் என்பேன். அவர் தலையாட்டிக் கேட்டுக்கொள்வார். நாம் பேசாத பேச்சு இத்தனை வருஷத்தில் நீண்டுகொண்டே போகிறது. ஒவ்வொரு முறையும் உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் பஸ் ஏறுகிறேன். காதருகே குனிந்து, அந்தப் பொய்யையே இன்னும் கொஞ்சம் உரக்கச் சொல்லிவிட்டுத் திரும்புகிறேன்.