அமெரிக்க ஆம்ப்ளிஃபையரும் நம் ஊர் கரண்டும்

நேற்று என் மகள் அமெரிக்காவுக்குப் பெட்டி கட்டிக்கொண்டிருந்தாள். புது மிக்ஸியைத் துணிகளுக்கு நடுவே செருகிவிட்டு, "அங்க பின்தான் வேற மாதிரிம்மா, அடாப்டர் வாங்கிட்டேன்" என்றாள். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. மிக்ஸியைக் கவிழ்த்து அடியில் எத்தனை வோல்ட் என்று எழுதியிருக்கிறது, படி என்றேன். "நீ என்ன இன்ஜினியராம்மா?" என்று கேட்டாள். நான் எங்கே இன்ஜினியர்! எல்லாம் உன்னோடு சேர்ந்து கெட்டுப்போனதுதான், தோழி.

நாம் கல்லூரியில் படித்த அந்தத் தொண்ணூறுகளில், உன் மாமா அமெரிக்காவிலிருந்து கிடார் ஆம்ப்ளிஃபையர் கொண்டுவந்தாரே, மறக்க முடியுமா? மந்தைவெளியில் உங்கள் வீட்டுக்குத் தெருவே வந்து பார்த்துவிட்டுப் போனது. அவரும் ஒரு அடாப்டரை நீட்டி, "இதைச் சொருகினா போதும்" என்றார். நீ அதை வாங்கவேயில்லை. ஆம்ப்ளிஃபையரின் முதுகுப்பக்கம் குனிந்து படித்தாய். "மாமா, இது நூத்தியிருபது வோல்ட்டு. நம்ம சுவத்துல வர்றது இருநூத்திமுப்பது. பின்னை மாத்தினா கரண்டு மாறிடுமா? போட்ட உடனே புகைஞ்சிடும்."

புகை என்ற வார்த்தை உன் அப்பா காதில் விழுந்தது. அதுதான் வம்பாகிப்போனது. பெண் பிள்ளைக்கு எலெக்ட்ரிக் கிடார் எதற்கு என்று ஏற்கெனவே முணுமுணுத்துக்கொண்டிருந்த மனுஷர். "ஒரு தடவை புகை வரட்டும், இல்ல ஒருத்தருக்கு ஷாக் அடிக்கட்டும். அன்னிக்கே கிடாரும் பரண்மேல ஏறிடும்" என்று தீர்ப்பே சொல்லிவிட்டார்.

இருநூற்றிமுப்பதை நூற்றியிருபதாகக் குறைக்கிற டிரான்ஸ்பார்மர் வாங்க ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குப் போனோம். கடைக்காரர் கையடக்கமாக ஒன்றை எடுத்து நீட்டினார். "ஆம்ப்ளிஃபையர் இழுக்கிற வாட்ஸைவிடப் பெரிசா வேணும்ணா. எர்த்தும் இருக்கணும்" என்று நின்ற இடத்தை விட்டு நகராமல் நின்றாய். ஆட்டுக்கல் கனத்தில் ஒன்று கிடைத்தது. ஆளுக்கொரு பக்கம் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினோம். கண்டக்டர் முறைத்த முறைப்பு இருக்கிறதே!

உங்கள் சர்ச்சின் பங்குத் திருவிழாக் கலைநிகழ்ச்சிதான் முதல் மேடை. நீ கிடார், நான் பாட்டு. உன் அப்பா முன்வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பங்குச் சாமியார் நன்றி சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கான மைக் முன்னால் நான் நின்றேன். நீ கிடாரை மாட்டிக்கொண்டு ஆம்ப்ளிஃபையரின் ஸ்விட்சைப் போடக் குனிந்தாய். அப்போதுதான் மேசைக்கடியில் டிரான்ஸ்பார்மர் தனியாகக் கிடப்பதைப் பார்த்தேன். ஆம்ப்ளிஃபையரின் ஒயர் நேராகச் சுவருக்குப் போயிருந்தது.

"ஏய், கையை எடுடி!"

என் முன்னாலிருந்த மைக் ஆனில் இருந்தது. தெருமுனைவரை கேட்டிருக்கும். சாமியார் பாதி வார்த்தையில் நின்றுவிட்டார். கூட்டம் கொல்லென்று சிரித்தது.

மைக்செட்காரர் ஓடிவந்தார். "இன்னா பாப்பா, அந்தப் பொட்டி கொய்ங்குனு கத்திகினு கீதேன்னு நான்தான் கழட்டி, நம்ம அடாப்டர் போட்டு டைரக்டா குட்த்தேன்." பாவம், நல்லது செய்வதாகத்தான் நினைத்திருக்கிறார். நீ கோபப்படவில்லை. "அந்தப் பொட்டி கத்தினா பரவால்லண்ணா, இது புகையக் கூடாது" என்று சொல்லிவிட்டு டிரான்ஸ்பார்மரை மறுபடி மாட்டினாய்.

உன் அப்பா விறுவிறுவென்று மேடைக்கு வந்தார். தொலைந்தோம் என்றுதான் நினைத்தேன். மனுஷர் ஒரு இரும்பு நாற்காலியை இழுத்து டிரான்ஸ்பார்மர் பக்கத்தில் போட்டு, "இப்ப எவன் கை வைக்கிறான் பார்க்கிறேன். நீ வாசிம்மா" என்றார். நிகழ்ச்சி முடியும்வரை அசையவில்லை. அதற்கப்புறம் நீ எங்கே வாசிக்கப் போனாலும் அந்தப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவர்தானே வந்தார்!

நீ கண்ணை மூடிய பிறகு நிறைய அழுதுவிட்டேன். இப்போது அழுகை இல்லை. உன்னை நினைத்தால் மனசு நிறைவாகத்தான் இருக்கிறது. இந்த வீட்டில் நான் என்ன சொன்னாலும் ஏன், எதற்கு, உனக்கென்ன தெரியும் என்று மூன்று கேள்வி வரும். அன்றைக்கு உன் விரல் ஸ்விட்சின் மேல் இருந்தது. கரண்டைப் பற்றி எல்லாம் தெரிந்தவள் நீ, ஒன்றும் தெரியாதவள் நான். என் குரல் கேட்டதும் முதலில் கையை எடுத்தாய். அப்புறம்தான் என்னைத் திரும்பிப் பார்த்தாய்.