கூப்பிடு தூரத்தை எவர் குரலால் அளப்பது என்பது குறித்த திருவோலை

நெடுவாயாறு வற்றாதிருக்க. கதிர் பதராகாதிருக்க. கோல் கோணாதிருக்க. தென்கரை நாட்டு அறங்கூறவையத் தலைவர் பூதங்குடையார்க்கு, மாமன்னர் நெடுங்கோமான் ஆணைப்படி திருவோலை நாயகன் எழுதுவது. நும் நாட்டுக்கும் அவைக்கும் நலம் பெருகுக.

நும் அவை இட்ட காப்பாணையை எதிர்த்து முறையிட, ஓடத்துறை அழிசி என்பான் ஒன்பது நாள் நடந்து தலைநகர் சேர்ந்தான். வாயிற்காவலர் உட்காரச் சொன்னபோதெல்லாம் உட்கார்ந்து, உட்கார்ந்த சூடு ஏறுமுன் எழுந்து தெருவைப் பார்த்தான். ஆறு வயது மகள் குவளை எவர் மனையில் வளர்வது என்று அவனுக்கும் மனைவி கழுநீராளுக்கும் நடக்கும் வழக்கு ஐப்பசியில் முடியும். அதுவரை தாயும் மகளும் வாழும் மனைக்குக் கூப்பிடு தூரத்துக்குள் அவன் வரலாகாது என்பது நும் ஆணை. சினத்தில் துடுப்பால் கதவைப் பிளந்தது மெய்யென்று அவனே முதலில் சொன்னான்.

அவன் வயிறு எரிந்தது வேறொன்றுக்கு. தூரத்தை அளக்க வந்த நும் ஏவலர், அம்மனை வாசலில் அவனையே நிறுத்திக் கூவச் சொன்னார்களாம். அக்கரையாரை இக்கரையிலிருந்து அழைத்தே பழகிய தொண்டை, ஊரே கூடி நிற்கையில் அடக்கிக் கூவ மானம் விடவில்லை, அடிவயிற்றிலிருந்து கூவிவிட்டான். இரண்டு ஊர் தாண்டிக் களத்தில் நின்ற ஏவலன் கேட்டதென்று கையை உயர்த்த, எல்லைக்கல் அங்கே நடப்பட்டது. "இன்னும் கொஞ்சம் மூச்சுப் பிடிச்சிருந்தா கடலுக்குள்ளதான் குடியிருக்கணும் அண்ணே" என்று கல் நட்டவனே கேலி செய்தானாம். வீடும் போயிற்று, அவன் ஓடம் விடும் துறையும் எல்லைக்குள் அகப்பட்டுப் போயிற்று. ஆணையால் வராதிருந்தவனை, ஐப்பசியில் அன்பின்றி வராதிருந்தவன் என்று எழுதிவிடுவார்களோ என்பதே அவனை இருக்கவும் விடாமல் கிடக்கவும் விடாமல் அரித்தது.

மன்னர் ஆள் விடுத்துக் கழுநீராளையும் வரவழைத்துக் கேட்டார். அவள் கணவனைப் பாராமல் சொன்னாள்:

"ஆத்துப் பக்கமிருந்து அந்தக் குரலு வந்தாலே புள்ள சோத்துக் கையோட எந்திரிச்சு நிக்குது சாமி. ஓடிப் போகவா, ஒளிஞ்சுக்கவான்னு அதுக்கே தெரியல."

ஒன்பது நாளும் நடந்து நடந்து மனத்தில் அடுக்கிவந்த வாதமெல்லாம் அழிசிக்கு அங்கே உதிர்ந்துபோயிற்று. "இனித் துறையில நான் கூவல. கொம்பு ஊதிக்கிறேன்" என்று மட்டும் சொன்னான்.

ஆகவே ஆணையாவது: காப்பாணை நீங்காது, நட்ட கல் பெயர்க்கப்படுக. கூப்பிடு தூரம், விலக்கப்பட்டவன் குரலாலன்றிக் காக்கப்படும் பிள்ளையின் குரலால் அளக்கப்படுக. துறை அவ்வெல்லைக்கு வெளியே அமையின் அவன் ஓடம் செலுத்துக. வாய் திறந்து கூவலாகாது. வாராதிருந்த நாள்கள் அவன் குறையாக எழுதப்படலாகாது. அளக்கும்போது அவன் பிள்ளையின் கண்ணில் படலாகாது. குவளை எச்சொல்லால் கூப்பிடுவது என்று தாயோ அவையோ சொல்லிக்கொடுக்கலாகாது. அவள் கூப்பிட்ட சொல் எதுவாயினும் அது வழக்கோலையில் ஏறலாகாது.

பழைய கல் நிற்கும்வரை பழைய எல்லையே எல்லை. அதை அவன் தாண்டின் குற்றமாம். ஓலை முடியும்வரை இருக்கச் சொல்லியும் இராமல், தீர்ப்பைக் கேட்ட கையோடு அழிசி ஊர் நோக்கி நடக்கத் தொடங்கிவிட்டான். ஆதலின் அரச இலச்சினை ஒற்றி இதனைக் குதிரையாள் வசம் விடுத்தோம். கண்டவுடன் கல்லைப் பெயர்க்க. அவன் கால் முந்தலாகாது.