சூடம் அணைத்த கை

மதினி,

இன்று காலை கம்பத்தில் மோட்டார் காயில் கட்டும் கடை வாசலில் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். நம் கிணற்று மோட்டார் மறுபடியும் புகைந்துவிட்டது. கடைக்காரர் அதைப் பிரித்து, கருகிப்போன செப்புக் கம்பியை உருவி உருவிக் கீழே போட்டார். எரிந்த வார்னிஷ் வாடை மூக்கில் ஏறியதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர், காயில் போன துக்கத்தில் இந்தப் பொம்பளைக்கு என்னவோ ஆகிவிட்டது என்று நினைத்திருக்க வேண்டும். மெல்ல எழுந்து அடுத்த பெஞ்சுக்குப் போய்விட்டார்.

இந்தத் தடவை யார் மேலும் தப்பில்லை. ஸ்டார்ட்டர் பெட்டிக்குள் பல்லி புகுந்து மூன்று பேஸ் கரண்டில் ஒன்று போய்விட்டது. விஷயத்தை எனக்குப் போனில் சொன்னது மூன்றாம் பங்கு மாமா. எடுத்ததும், "தாயி, நான் போடல" என்றுதான் ஆரம்பித்தார். எண்பது வயதாகிறது. பன்னிரண்டு வருடத்துக்கு முன்பு நான் அவருக்கு வைத்த பயம் இன்னும் போகவில்லை. போனை வைத்ததுமே உங்களோடு பேச வேண்டும் போல இருந்தது.

நம் மூன்று திராட்சைத் தோட்டத்துக்கும் ஒரே கிணறு. உங்களுக்கு ஒரு பங்கு, எனக்கு ஒன்று, மாமாவுக்கு ஒன்று. முறை வைத்துத் தண்ணீர் பாய்ச்சுவோம். சொந்தம் என்று பார்த்தால் நீங்கள் எனக்கு மதினியே இல்லை. கல்யாணமாகி நான் வந்த முதல் வாரம் வரப்பில் வழிமறித்து நின்று, "என் வீட்டுக்காரரு ஒனக்கு அண்ணன் முறை. அப்ப நான் யாரு?" என்று கேட்டு, பதிலையும் நீங்களே சொல்லிக்கொண்டீர்கள். அடுத்த கேள்வி, வெள்ளிக்கிழமை கோயிலுக்கு வருகிறாயா என்பது. சாமி இருக்கிறதா இல்லையா என்று எனக்குத் தெரியாது, அதனால் கும்பிடுவதில்லை என்றேன்.

"இல்லேன்னு சொல்றவகளப் பாத்திருக்கேன். தெரியாதுன்னு சொல்றவள இப்பத்தான் பாக்குறேன். எம்புட்டுப் படிச்ச?"

"பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி."

"தெரியாதுன்னு சொல்றதுக்கு மூணு வருஷமா படிச்ச?" என்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தீர்கள். எனக்குக் கோபம்தான் வந்தது. ஆனால் வீட்டுக்குப் போய் நானும் சிரித்தேன்.

பன்னிரண்டு வருடத்துக்கு முந்தைய அந்தக் கோடைக்கு வருகிறேன். மூன்று பேஸ் கரண்ட் இருக்கும்போது மட்டும்தான் மோட்டார் போட வேண்டும் என்று நாம் பேசி வைத்திருந்தோம். இரண்டு பேஸ் இருக்கும்போது கன்டென்சர் என்ற சின்ன டப்பாவை மாட்டியும் ஓட்டலாம். ஓடும், ஆனால் காயில் எரிந்துவிடும். அதை யாரும் செய்யக்கூடாது என்பதுதான் நமக்குள் இருந்த ஒரே சட்டம். அடுத்தடுத்து என் முறை வந்த இரண்டு தடவையும் மூன்று பேஸ் கரண்ட் வராமலே போனது. பழம் நிறம் மாறும் நேரம். வீட்டுக்காரர் குமுளியில் ஏலக்காய்க் கடை வேலையில் இருந்தார். தோட்டம் என் பொறுப்பு. ஊரே ஒரு காதுகுத்துக்குப் போயிருந்த மதியம், வாங்கி ஒளித்து வைத்திருந்த கன்டென்சரை எடுத்துப் போய் மாட்டினேன். அரை மணி நேரம் தண்ணீர் நன்றாக வந்தது. பிறகு வாடை வந்தது. கழற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்து ரசம் வைத்தேன்.

மறுநாள் யாரைக் கேட்டாலும் நான் போடவில்லை என்ற பதில்தான். அப்படி வந்தால் நம் ஊரில் அடுத்தது என்ன என்பது உங்களுக்குத் தெரியும். வீரபாண்டியிலிருந்து பிடிமண் எடுத்து வந்து கட்டிய நம் மாரியம்மன் கோயில் வாசலில், நாலு பெரிய மனிதர்கள் முன்னால் சூடம் கொளுத்தினார்கள். தப்புச் செய்யாதவர் ஆத்தா மேல் சத்தியம் செய்து எரிகிற சூடத்தைக் கையால் அணைக்க வேண்டும். பொய்ச் சத்தியம் செய்தால் கண்ணைப் பிடுங்கிவிடுவாள். முதலில் நீங்கள் அணைத்தீர்கள். அடுத்தது நான். குழாயில் கை கழுவும் சாக்கில் உள்ளங்கையை நன்றாக நனைத்துக்கொண்டு வந்தேன். ஈரக் கைக்குச் சூடம் சுடாது. கெமிஸ்ட்ரி படித்தது அன்றைக்குத்தான் உதவியது. "நான் போடல" என்று சொல்லி ஒரே அடியில் அணைத்தேன். ஓரத்தில் நின்ற உங்கள் உதடுகள் எதையோ முணுமுணுத்துக்கொண்டிருந்தன.

மாமா முறை வந்தது. அவர் கையை நீட்டவே இல்லை.

"நான் மோட்டார் போடல. ஆனா சூடத்துல கை வைக்க மாட்டேன். எந்தக் காலத்துல என்னென்ன பொய் சொன்னேனோ, எல்லாத்துக்கும் சேத்து ஆத்தா இன்னிக்குப் பிடிச்சுக்கிட்டான்னா நான் என்ன பண்ண?"

அவ்வளவுதான், தீர்ப்பு ஆகிவிட்டது. ஆத்தாவுக்குப் பயந்த மனிதர் குற்றவாளி. ஈரக் கைக்காரி உத்தமி. மாமா இரண்டு முறைத் தண்ணீரை விட்டுக்கொடுக்க வேண்டும் என்றார்கள். அந்த வெயிலில் அது எவ்வளவு பெரிய தண்டனை என்று எல்லோருக்கும் தெரியும். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனார்.

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அன்று எனக்குச் சந்தோஷமாக இருந்தது. ஆத்தா இருந்தால் பெரிய மனசு பண்ணி மன்னித்துவிடுவாள், இல்லாவிட்டால் கேட்பதற்கு ஆளே இல்லை என்று படிப்படியாக யோசித்து முடித்துவிட்டு நிம்மதியாகத் தூங்கினேன். அத்தனை யோசனையிலும் மாமாவின் கொடிகள் ஓர் இடத்திலும் வரவில்லை.

ஐந்தாம் நாள் எழுந்தபோது இரண்டு கண்ணும் சிவந்து, பீளை தள்ளி, திறக்கவே சிரமமாக இருந்தது. மெட்ராஸ் ஐ. ஊரில் பாதிப் பேருக்கு அந்த வாரம் இருந்தது. எனக்கு அது நன்றாகத் தெரியும். இருந்தாலும் கண்ணாடி முன்னால் நின்ற அந்த ஒரு நிமிஷம் ஆத்தாதான் பிடுங்க வந்துவிட்டாளோ என்று நினைத்ததை உங்களிடம்கூட ரொம்ப நாள் கழித்துத்தான் சொன்னேன்.

அன்று சாயங்காலம் நீங்கள் வந்தீர்கள். மஞ்சள் சேலை, கால் இரண்டிலும் முழங்கால் வரைக்கும் புழுதி. கண் வலி ஒட்டிக்கொள்ளும், உள்ளே வராதீர்கள் என்று கத்தினேன். நீங்கள் நேராக வந்து நடு வீட்டில் கால் நீட்டி உட்கார்ந்தீர்கள்.

"கண்ணுக்கு நேந்துக்கிட்டு வீரபாண்டிக்குப் போயி ஆயிரங்கண் பானை எடுத்துட்டு வாரேன். சின்னமனூர்லருந்து நடைதான். கொஞ்சம் தண்ணி குடு."

"யாருக்கு மதினி?"

"ஒனக்குத்தான். வேற யாரு கண்ணு போகப் போகுது?"

"இது மெட்ராஸ் ஐ. ஊர்ல பாதிப் பேருக்கு இருக்கு."

"இருக்கட்டும். அவுகள்லாம் கன்டென்சர் மாட்டலேல்ல."

சொம்பு என் கையிலேயே நின்றுவிட்டது. காதுகுத்துக்குப் போகிற வழியில் தலைவலி என்று நீங்கள் பாதியில் திரும்பியிருக்கிறீர்கள். மோட்டார் ரூமிலிருந்து நான் பையோடு வந்ததை உங்கள் திராட்சைப் பந்தலுக்குள்ளிருந்து பார்த்திருக்கிறீர்கள். அப்போதே ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். கேட்கிற யோக்கியதை எனக்கு இல்லை, இருந்தாலும் கேட்டேன்.

"நான் சொன்னா நீ மாட்டிக்கிருவ. நீயே சொன்னாத் தப்பிச்சுக்கிருவ. சொல்லுவ சொல்லுவன்னு பாத்தேன், நீ போயி சூடத்த அணைக்கிற. எனக்கு உசுரே இல்ல. இவ வெவரங்கெட்டவ, இவ கண்ண விட்டுரு, வேணும்னா என் கண்ண எடுத்துக்கன்னு ஆத்தாகிட்ட அங்கன நின்னே சொல்லிட்டேன்." தண்ணீரைக் குடித்துவிட்டுச் சொன்னீர்கள்: "ஒனக்குத்தான் பயமே கெடையாதே. அதான் ஒனக்கும் சேத்து நான் பயந்துக்கிட்டுக் கெடக்கேன்."

மதினி, அதற்கு முன்னும் பின்னும் நான் எத்தனையோ யோசித்திருக்கிறேன். சாமி இல்லாமல் ஒருத்தி எதற்காக ஒழுங்காக இருக்க வேண்டும் என்று கேட்கிறவர்களிடம் நிறையப் பேசியும் இருக்கிறேன். ஆனால் எனக்குப் பதில் கிடைத்தது அந்த நடு வீட்டில்தான், உங்கள் காலில் கிடந்த புழுதியைப் பார்த்தபோது. என் பொய்யை மேலே யாரும் கேட்கவில்லை என்றே வைத்துக்கொள்வோம். கீழே இரண்டு பேர் அதைச் சுமந்தார்கள். ஒருவர் தண்ணீர் இல்லாமல் நின்றார், ஒருத்தி என் கண்ணுக்காக வெயிலில் நடந்தாள். மேலே இருப்பவளைப் பற்றி எனக்குத் தெரியாது என்று சொல்லலாம். உங்கள் இருவரைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது. அன்று அழுதேன். மெட்ராஸ் ஐயோடு அழுதால் எப்படி எரியும் தெரியுமா?

கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு மாமா தோட்டத்துக்குப் போனேன். வாடிய கொடிக்குக் கீழே உட்கார்ந்திருந்தார். கன்டென்சர் மாட்டியது நான்தான் என்றேன். "அப்ப நான் போடலையா?" என்று கேட்டார்.

"இல்ல மாமா."

"நாலு பேரு நாலு தடவ சொல்லவும், ஒருவேள நாந்தான் தூக்கத்துல எந்திரிச்சுப் போயிப் போட்டேனோன்னு எனக்கே சந்தேகமாப் போச்சு தாயி" என்று சொல்லிவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தார். எனக்கும் தாங்கவில்லை. பிறகு திடீரென்று எழுந்து, "வா கோயிலுக்கு. சூடம் கொண்டா. இப்ப அணைக்கிறேன் பாரு" என்று வேட்டியை மடித்துக் கட்டினார்.

அதே நாலு பேர் முன்னால் எல்லாவற்றையும் சொன்னேன். ஈரக் கையையும் சொன்னேன். என்னுடைய நாலு முறைத் தண்ணீரை மாமாவுக்கு விட்டேன். என் கொத்துகள் அந்த வருடம் சுருங்கித்தான் போயின. கூட்டத்தில் ஒருவர், "சாமி இல்லாதவகிட்டச் சூடத்தக் குடுத்தது நம்ம தப்பு" என்றார். நீங்கள் சீறிக்கொண்டு வந்தீர்கள். "வாயால கேட்டிருந்தா அவ உண்மையச் சொல்லியிருப்பா. கேட்டீகளா?" என்றீர்கள். கேட்டிருந்தாலும் அன்றைக்கு நான் பொய்தான் சொல்லியிருப்பேன். அது எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும்.

திரும்பி வரும்போது, இனிமேல் உங்களிடம் எந்தக் காலத்திலும் பொய் சொல்ல மாட்டேன் என்றேன்.

"எது மேல சத்தியம்?"

"உங்க மேல."

"ஏத்தா, நான் சாமி இல்ல. செத்துப் போயிருவேன்" என்றீர்கள். சொல்லிவிட்டு, "சாமிய நம்பாட்டிப் போ. எங்களப் பாத்துக்க ஆத்தா இருக்கா. ஒன்னயப் பாக்க ஆளில்ல. அதனால நீ எங்களவிட ஒரு பங்கு கூடுதலாத்தான் நல்லவளா இருக்கணும்" என்று சேர்த்துக்கொண்டீர்கள். படித்தவர்கள் என்னிடம் இவ்வளவு சரியாகப் பேசியதில்லை.

அதற்குப் பிறகு நமக்குள் எத்தனை வழக்கு! அறுப்புக்கு இரண்டு நாள் இருக்கும்போது மழை கொட்டிப் பழமெல்லாம் வெடித்ததே, நினைவிருக்கிறதா? பந்தலுக்குக் கீழே நின்று, "ஆயிரங்கண்ணு வச்சிருந்து என்னத்துக்கு, ஒரு கண்ணால இங்கன பாத்திருக்கக் கூடாதா" என்று ஆத்தாவை நீங்கள் திட்டினீர்கள். நான் குறுக்கே புகுந்து, கடலில் காற்றழுத்தத் தாழ்வு வந்தால் பாவம் ஆத்தா என்ன செய்வாள் என்றேன். நனைந்துகொண்டே நீங்கள் சிரித்த சிரிப்பில் கீழ்த் தோட்டத்திலிருந்து நம் மாமா ஓடி வந்துவிட்டார். சாமியைத் திட்ட நம்புகிறவளும், சாமிக்குப் பரிந்து பேச நம்பாதவளும் இருந்த தோட்டம் அது ஒன்றுதான். உங்களோடு சண்டை போட்ட நாட்களில் எனக்குச் சோறு கூடுதலாக இறங்கும்.

போன மாசியில் தேனி ஆஸ்பத்திரியில் உங்களைப் பார்க்க வந்தேன். மதியச் சாப்பாட்டு நேரம். வார்டில் தட்டுச் சத்தம். டாக்டர் சொன்னதை உங்களிடம் யாரும் சொல்லவில்லை, ஆனால் உங்களுக்குத் தெரிந்திருந்தது. என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டீர்கள்.

"ஏத்தா, நான் முன்னாடி போறேன். நீ பின்னாடி வருவ. அங்கன ஒன்னயப் பாப்பேனா?"

சுற்றி நின்றவர்கள் எல்லாம் என் முகத்தைப் பார்த்தார்கள். பார்ப்பீர்கள் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொல்வதற்கு எவ்வளவு சுலபம். என்னைத் தவிர யாராக இருந்தாலும் சொல்லியிருப்பார்கள், சொல்லவும் வேண்டும். அந்த வார்த்தை வாய் வரைக்கும் வந்தது. ஆனால் நீங்கள் அதைக் கேட்டது என்னிடம்.

"தெரியல மதினி" என்றேன். சொல்லும்போதே அழுதுவிட்டேன்.

நீங்கள் கண்ணை மூடிக்கொண்டீர்கள். உங்களை நானே கொன்றுவிட்டேன் என்று நினைத்தேன். பிறகு உங்கள் உதட்டோரம் சிரிப்பு வந்தது.

"இல்லேன்னு சொல்லலேல்ல" என்றீர்கள். "பொய் சொல்லாதவ சொல்ற தெரியல. எனக்கு அது போதும். நான் முன்னாடி போயி, பஸ்ஸுல துண்டப் போட்டு வைக்கிற மாதிரி ஒனக்கு ஒரு எடம் போட்டு வைக்கிறேன். நீ மெதுவா வா."

மூன்று வருடப் படிப்பில் கற்ற அந்தச் சொல்லுக்குள் இவ்வளவு இடம் இருக்கிறது என்று நீங்கள் காட்டித்தான் எனக்குத் தெரியும். இப்போதும் யாராவது சாமியைப் பற்றிக் கேட்டால் தெரியாது என்றுதான் சொல்கிறேன். முன்பு அதைக் கதவைச் சாத்துவது போலச் சொல்வேன். இப்போது சொல்லும்போது மனசு லேசாக இருக்கிறது, சில சமயம் சிரிப்புக்கூட வருகிறது.

நீங்கள் சொன்னபடியே முன்னாடி போய்விட்டீர்கள். அங்கே அப்படி ஓர் இடம் இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது, மதினி. ஆனால் இருந்தால், போட்ட துண்டை எடுத்துவிடாதீர்கள்.